மாட்டுப்பால் இல்லாத ஐஸ்கிரீமில் கார்ன்ஃபிளேக்ஸுக்கு என்ன வேலை?

மாட்டுப்பாலை விலக்கி வீட்டில் ஐஸ்கிரீம் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கெட்டித் தேங்காய்ப்பாலில் சர்க்கரையைக் கரைத்து ஃப்ரீசரில் வைத்தால், மறுநாள் கரண்டி இறங்காத கட்டியாக வெளியே வருகிறது. வாயில் போட்டால் பனித்துணுக்குகள் நறநறக்கின்றன. கரைந்து முடிந்த பிறகும் அண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடுகிறது. உடனே பழி கொழுப்பின் மேல் விழும். பாலேட்டின் கொழுப்பு வேறு, தேங்காய்க் கொழுப்பு வேறு, அதனால்தான் இப்படி ஆகிறது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. முழுக் காரணம் அதுவல்ல. பாலை எடுத்தபோது கொழுப்போடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டது. கொழுப்புக்கு மாற்று தேடியவர்கள் அதற்கு மாற்று தேடவில்லை. அந்தக் காலியிடத்தைப் பெருமளவுக்கு நிரப்பக்கூடியது காலை உணவுத் தானியம், அதிலும் குறிப்பாகக் கார்ன்ஃபிளேக்ஸ் என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது. மேலே தூவும் அலங்காரம் என்ற நிலையிலிருந்து அதை இறக்கி, ஐஸ்கிரீமின் உடம்பைக் கட்டும் பொருளாகப் பயன்படுத்த வேண்டும்.

பால் ஐஸ்கிரீம் கலவையில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர். பாற்கொழுப்பு 10 முதல் 16 கிராம், சர்க்கரை 12 முதல் 16 கிராம். இவை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எஞ்சியிருக்கும் 9 முதல் 12 கிராமைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. கொழுப்பு நீங்கிய பாலில் இருக்கும் திடப்பொருள்கள் அவை: கேசீன், மோர்ப் புரதங்கள், லாக்டோஸ், தாது உப்புகள். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில்கூட ஐஸ்கிரீமில் உள்ள தண்ணீர் முழுவதும் உறைந்துவிடுவதில்லை. ஏறத்தாழ முக்கால் பங்குதான் பனியாகிறது. மீதி, சர்க்கரையும் புரதமும் செறிந்த கெட்டிப் பாகாகப் பனிப்படிகங்களுக்கு இடையில் நிற்கிறது. ஐஸ்கிரீமைக் கரண்டியால் வழிக்க முடிவதற்கு இந்தப் பாகுதான் காரணம். பாகு எவ்வளவு கெட்டியோ, அவ்வளவுக்கு அதற்குள் தண்ணீர் மூலக்கூறுகள் நகர்வது கடினம். நகர முடியாவிட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்வதும் தாமதமாகும். படிகத்தின் அளவு சராசரியாக 50 மைக்ரானுக்குக் கீழே இருக்கும்வரை நாக்கு அதைத் தனித்தனியாக உணராது, வழவழப்பு என்றே சொல்லும். அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவு. அதைத் தாண்டினால் நறநறப்பு. ஆகவே வழவழப்பு என்பது கொழுப்பின் கொடை மட்டுமல்ல. உறையாத பாகைக் கெட்டியாக வைத்திருக்கும் திடப்பொருள்களின் வேலையும்கூட.

இப்போது தேங்காய்ப்பாலுக்கு வருவோம். உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் அளவுகோலின்படி தேங்காய்ப்பால் என்றால் குறைந்தது 10 சதவீதமும், தேங்காய்க் கிரீம் என்றால் குறைந்தது 20 சதவீதமும் கொழுப்பு இருக்க வேண்டும். டப்பாவில் வரும் கெட்டிப் பால் பெரும்பாலும் 17-இலிருந்து 24 சதவீதம்வரை கொழுப்பு கொண்டது. ஆனால் அதில் புரதம் 2 சதவீத அளவில்தான்; லாக்டோஸ் அறவே கிடையாது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 700 கிராம் கெட்டிப் பாலில் 110 கிராம் சர்க்கரை சேர்த்தால் திடப்பொருள் மொத்தம் 35 சதவீதத்தை எட்டிவிடும். பால் ஐஸ்கிரீமின் கணக்குக்கு அது பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதில் 17 சதவீதம் வெறும் கொழுப்பு. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பமிலங்கள். அது ஏறத்தாழ 24 டிகிரியில் உருகும், குளிர்பெட்டியின் குளிரிலேயே கிட்டத்தட்ட முழுவதுமாக உறைந்துவிடும். அதே குளிரில் பாற்கொழுப்பு பாதி உறைந்தும் பாதி இளகியும் கிடக்கும். எனவே தேங்காய்க் கொழுப்பு 17 சதவீதம் என்பது மெழுகை நெருங்கும் கெட்டித்தன்மை. சரி, தண்ணீர் விட்டுக் கொழுப்பை 10 சதவீதத்துக்கு இறக்கலாமே என்றால், தண்ணீர் கூடிப்போய்ப் பனி பெருத்துவிடுகிறது. கொழுப்பைக் கூட்டாமல் திடப்பொருளைக் கூட்டும் வழி தேங்காய்க்குள் இல்லை. வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

கார்ன்ஃபிளேக்ஸ் அப்படி வெளியிலிருந்து வரத் தகுதியானது ஏன் என்பதற்கு அது பிறந்த விதமே பதில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஒரு சுகாதார விடுதியை நடத்திய மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக்கும் அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக்கும், 1894இல் வேகவைத்து நாள்பட்டுப் போன கோதுமையை உருளைகளுக்கு இடையே விட்டார்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனித் தகடாக வந்தது. 1896இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு கோதுமையின் இடத்தில் மக்காச்சோளம் வந்தது. 1906இல் தம்பி தனி நிறுவனம் தொடங்கினார். இன்றும் அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை. உடைத்த மக்காச்சோளத்தைச் சர்க்கரை, உப்பு, பார்லி மால்ட் சாறு ஆகியவற்றோடு அழுத்த நீராவியில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். உலர்த்தி, ஆறவிட்டு, தகடாக நசுக்கி, கடுஞ்சூட்டில் வறுக்கிறார்கள். இதில் இரண்டு விஷயங்கள் நடந்து முடிந்துவிடுகின்றன. வேகும்போது மாவுச்சத்தின் மணிகள் வீங்கி உடைந்து, பிறகு பச்சைத் தண்ணீர் பட்டாலே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகின்றன. வறுபடும்போது சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயிலார்ட் 1912இல் விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கப்படும் வினை இது. ஆக, ஒரு கிண்ணம் கார்ன்ஃபிளேக்ஸ் என்பது முன்கூட்டியே வெந்த கெட்டிப்பொருளும் முன்கூட்டியே வறுபட்ட வாசனையும் ஒன்றாக அடைபட்ட பண்டம்.

இதிலுள்ள வாசனையை இனிப்புப் பண்டத்துக்கு மாற்றிய பெருமை நியூயார்க் நகரின் கிறிஸ்டினா டோசிக்கு உரியது. மொமோஃபுக்கு உணவகக் குழுமத்தில் இனிப்புகளைக் கவனித்துவந்த அவர், 2008இல் திறந்த மில்க் பார் கடையில் ‘சீரியல் மில்க்’ என்ற ஒன்றைப் பிரபலமாக்கினார். கார்ன்ஃபிளேக்ஸை 150 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் மறுபடி வறுத்து, குளிர்ந்த பாலில் இருபது நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, நாட்டுச் சர்க்கரைக்கு நெருங்கிய பழுப்புச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் அந்தப் பால் தயார். காலையில் கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் இனித்த பாலின் சுவை; அதையே உறையவைத்து ஐஸ்கிரீமாகவும் விற்றார்கள். அந்தச் செய்முறையில் ஒரு நுணுக்கமான எச்சரிக்கையும் உண்டு: இருபது நிமிடத்தைத் தாண்டினாலோ, வடிகட்டும்போது ஊறிய தகடுகளை ஓங்கிப் பிழிந்தாலோ மாவுச்சத்து கலந்து பால் கொழகொழத்துவிடும். டோசிக்கு அந்த மாவுச்சத்து வேண்டாத விருந்தாளி, ஏனென்றால் அவர் கையில் இருந்தது மாட்டுப்பால்; கெட்டிப்படுத்தும் கேசீனும் லாக்டோஸும் அதிலேயே இருந்தன. மாட்டுப்பால் இல்லாதவர்களுக்கு நிலைமை தலைகீழ். அவர் வெளியே நிறுத்த நினைத்த அந்த மாவுச்சத்துதான் நமக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும், எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பதில்தான் திறமை இருக்கிறது.

மாவுச்சத்தால் ஐஸ்கிரீமைக் கட்டுவது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த குறுக்குவழியல்ல. இத்தாலியின் சிசிலித் தீவில் ஜெலாட்டோவை முட்டைக் கருவுக்குப் பதிலாகச் சோள மாவு கொண்டு கெட்டியாக்கும் மரபு நெடுங்காலமாக இருக்கிறது. துருக்கியின் தொந்துர்மா, காட்டு ஆர்க்கிட் கிழங்கின் மாவால் இழுபடும் தன்மை பெறுகிறது. தானியத்தையே பாலின் இடத்தில் உட்காரவைத்த நிகழ்வும் நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஊஸ்தே 1990களில் ஓட்ஸை நொதியால் பக்குவப்படுத்திப் பானமாக்கினார். ஓட்லி நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அமிலேஸ் என்ற நொதி ஓட்ஸின் மாவுச்சத்தை வெட்டி மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. அதனால்தான் கடையில் வாங்கும் ஓட்ஸ் பால் சூடாக்கினாலும் கூழாவதில்லை. வீட்டில் அரைத்து வடித்த ஓட்ஸ் பாலோ அடுப்பில் வைத்ததும் பசையாகிறது. இதே நொதி முளைகட்டிய கேழ்வரகு மாவிலும் இருக்கிறது. குழந்தைகளுக்குக் காய்ச்சும் கூழ் அதைச் சேர்த்தால் இளகுவது அந்த நொதியின் வேலைதான். வறுக்காத முளைகட்டிய மாவில் அரைத் தேக்கரண்டியை எடுத்து, 60, 65 டிகிரி சூட்டில் இருக்கும் ஓட்ஸ் கரைசலில் கலந்து சற்று வைத்திருந்தால் அது கண்ணெதிரே நீர்க்கும். பிறகு ஒரு கொதி விட்டால் நொதி செயலிழந்துவிடும்.

மால்ட்டோஸ் என்பது இந்தக் கதையில் ஏதோ ஓர் உபரிச் சர்க்கரை அல்ல. உறைநிலையைக் கீழே இறக்குவது கரைந்த பொருளின் எடையைப் பொறுத்ததல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். 100 கிராம் தண்ணீரில் 20 கிராம் சாதாரணச் சர்க்கரை கரைந்தால் இறக்கம் 1.1 டிகிரி. அதே 20 கிராம் குளுக்கோஸ் என்றால் 2.1 டிகிரி, ஏனென்றால் குளுக்கோஸ் மூலக்கூறு ஏறத்தாழப் பாதி எடைதான்; ஒரே எடையில் இரட்டிப்பு எண்ணிக்கை. மாவுச்சத்தோ லட்சக்கணக்கில் எடைகொண்ட பெரு மூலக்கூறு. அது உறைநிலையைத் தொடுவதேயில்லை, பாகை மட்டும் கெட்டியாக்கும். மால்ட்டோஸ் சர்க்கரைக்குச் சமமான அளவு உறைநிலையை இறக்கும், ஆனால் இனிப்பு அதில் பாதிகூட இராது. அதாவது லாக்டோஸ் செய்துவந்த வேலையை, அதிகம் இனிக்காமல் உறைநிலையை இறக்கும் வேலையை, மால்ட்டோஸ் ஏற்றுக்கொள்கிறது. அதிலும் ஒரு நன்மை கூடுதல்: லாக்டோஸ் எளிதில் கரையாது, அளவு மிஞ்சினால் படிகமாகி மண் கடிபடுவது போலாகிவிடும், மால்ட்டோஸில் அந்தத் தொல்லை இல்லை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், கொழுப்பைத் தேங்காயும், கெட்டித்தன்மையை வெந்த மக்காச்சோளமும், மென்மையை ஓட்ஸின் மால்ட்டோஸும் கொஞ்சம் குளுக்கோஸும் தரும்படி வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்.

செயலில் இது எப்படி இருக்கும் என்று அளவுகளோடு பார்ப்போம். 60 கிராம் கார்ன்ஃபிளேக்ஸை ஓவனில் 150 டிகிரியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும்; ஓவன் இல்லாவிட்டால் அடிகனத்த வாணலியில் சிறு தீயில், நிறம் ஒரு படி கருக்கும்வரை புரட்டலாம். ஆறியதும் 400 மில்லி குளிர்ந்த ஓட்ஸ் பாலில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல், கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்தி வடிக்க வேண்டும். 300 மில்லி அளவுக்குக் கிடைக்கும். மீதியைத் தகடுகள் குடித்துவிட்டிருக்கும். ஊறவைக்கக் கெட்டித் தேங்காய்ப்பாலை எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த இழப்பே காரணம். முதல் பாலின் கொழுப்பு சக்கையோடு போனால் அது நட்டம். ஓட்ஸ் பால் கிடைக்காத இடத்தில் இரண்டாம் பாலில் ஊறவைப்பதுதான் சரி. அடுத்து 25 கிராம் கார்ன்ஃபிளேக்ஸை மிக்சியில் மாவாக்கி, வடித்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து, 80 கிராம் சர்க்கரை, மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனை சேராத குளுக்கோஸ் தூள் 30 கிராம், கால் தேக்கரண்டி உப்பு எல்லாம் சேர்த்துக் கிளறி ஒரு கொதி வரவிட வேண்டும். இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலைச் சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பாலைத் திரியாமல் பிடித்துவைத்திருக்கும் புரதங்கள் 80 டிகிரியை நெருங்கும்போது சிதைந்து, எண்ணெய் பிரிந்துவிடும்; குழம்பில் முதல் பாலைக் கடைசியாக ஊற்றி இறக்கிவிடுவதும் இதே காரணத்தால்தான். கூடவே ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய். உறைந்த கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக் காற்றுக் குமிழிகளைத் தாங்கும் சட்டமாக நிற்க, அவற்றில் கொஞ்சம் இளகிய எண்ணெயும் இருந்தாக வேண்டும். முற்றாக இறுகிய தேங்காய்க் கொழுப்பில் அந்த ஒட்டு பிடிக்காது. எல்லாவற்றையும் மிக்சியில் இரண்டு நிமிடம் அடித்தால், திடப்பொருள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும், கொழுப்பு பத்து சதவீதத்துக்குச் சற்று மேலும் உள்ள கலவை கிடைக்கும். வெறும் தேங்காய்ப்பாலில் எட்ட முடியாதிருந்த அளவு இதுதான்.

உறையவைப்பதில் வேகம் ஒன்றே முக்கியம். மெல்ல உறைந்தால் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருக்கும். சட்டென்று உறைந்தால் சிறு படிகங்கள் ஏராளமாகப் பிறக்கும். ஐஸ்கிரீம் கடையும் இயந்திரம் உள்ளவர்களுக்கு இது கவலையில்லை. மற்றவர்கள் கலவையைக் குளிர்பெட்டியில் நன்கு குளிரவைத்து, ஐஸ் தட்டுகளில் மெல்லிய கட்டிகளாக உறையவைத்து, அவற்றை மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடித்து, உடனே அகலமான டப்பாவில் அழுத்தி மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பலாம். படிகங்கள் உடைவதோடு கொஞ்சம் காற்றும் ஏறும்.

இதற்கு எழக்கூடிய கனமான மறுப்பு உணவு அறிவியல் தெரிந்தவர்களிடமிருந்து வரும். மக்காச்சோள மாவுச்சத்து குளிரில் நிலைத்து நிற்காது என்பார்கள். வெந்த மாவுச்சத்தின் நீள் சங்கிலிகள் ஆறியதும் மறுபடி நெருங்கி அடுக்கி, பிடித்துவைத்திருந்த தண்ணீரைக் கக்கிவிடும். நேற்றைய சோறு குளிர்பெட்டியில் விறைப்பதும் ரொட்டி காய்வதும் அதனால்தான். இது உண்மை. ஆனால் அந்த அடுக்கல் மிக வேகமாக நடப்பது 4 டிகிரியை ஒட்டிய குளிரில்; மைனஸ் 18இல் மூலக்கூறுகள் நகரவே திணறுவதால் அது வெகுவாகத் தாமதமாகிறது. ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைப்பதைவிட ஃப்ரீசரில் வைத்தால் மென்மை நீடிப்பதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். சர்க்கரையும் இந்த அடுக்கலைத் தடுக்கிறது. தவிர நாம் சேர்ப்பது கலவையில் மூன்று, நான்கு சதவீத அளவுதான். அதற்காக மறுப்பை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன: கலவையைக் குளிர்பெட்டியில் ஓரிரவுக்கு மேல் வைக்கக் கூடாது, உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மாதக்கணக்கில் கடையில் கிடக்க வேண்டிய பண்டத்துக்கு இந்த முறை ஒத்துவராது. வீட்டில் செய்வதற்கு அது ஒரு குறையே இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, மொறுமொறுப்பான தகடுகளை அப்படியே ஐஸ்கிரீமில் கலந்துவிட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. பார்ப்பதற்கு எளிய வழி. ஆனால் இயற்பியல் அதற்கு ஒத்துழைக்காது. ஒரு பொருளில் உள்ள ஈரம் எவ்வளவு எளிதில் வெளியேறக்கூடியது என்பதை நீர்ச் செயல்திறன் என்ற அளவால் குறிப்பார்கள். தூய தண்ணீருக்கு அது 1. கார்ன்ஃபிளேக்ஸ் மொறுமொறுப்பாக இருக்க அது அரைக்கும் கீழே இருக்க வேண்டும். மைனஸ் 18 டிகிரிப் பனியிலோ அது 0.84. உறைந்திருந்தாலும் பனியிலிருந்து ஈரம் மெல்ல மெல்லத் தகடுக்குள் நகர்ந்துகொண்டேயிருக்கும்; சில நாளில் தகடு நனைந்த அட்டையாகிவிடும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் தகடுகளை உருக்கிய தேங்காய் எண்ணெயிலும் சர்க்கரையிலும் புரட்டி வறுத்தோ, பால் சேராத கறுப்பு சாக்லேட்டில் முக்கியோ, கொழுப்பால் கவசம் போட்டு, பரிமாறும் நேரத்தில் போட வேண்டும். அதற்கும் உள்ளே கரைந்த தானியத்துக்கும் போட்டியில்லை. இரண்டும் இரு வேறு வேலைகள்.

எது செய்தாலும் தேங்காய் வாசனைதானே முந்தும் என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. தேங்காயின் மணத்துக்கு முக்கியக் காரணம் டெல்ட்டா லாக்டோன்கள் என்ற சேர்மங்கள். அவற்றுள் டெல்ட்டா டெக்காலாக்டோன் வெண்ணெயிலும் பாலேட்டிலும் இருக்கிறது. எனவே தேங்காய் மணம் பாலுக்கு முற்றிலும் அந்நியமல்ல. பாலின் ஒரு சுரத்தை உரக்கப் பாடுவது என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சமன்செய்ய எதிர்ப்பக்கத்தில் வறுத்த வாசனை வலுவாக இருக்க வேண்டும். வறுத்த தானியத்தின் மணக் கூட்டத்தில் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரு மூலக்கூறு தனிக் கவனத்துக்குரியது. பாப்கார்னிலும் பாஸ்மதி அரிசியிலும், ஈழத்துச் சமையலில் கறிவேப்பிலையோடு தாளிக்கும் ரம்பை இலையிலும் மணப்பது அதுதான். தண்ணீரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு கலந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். கார்ன்ஃபிளேக்ஸை மறுபடி வறுக்கச் சொல்வது வாசனையின் இந்தப் பக்கத்தை உயர்த்துவதற்காக. மேலும் குளிர் எல்லாச் சுவையையும் மங்கவைக்கும். இனிப்பை மூளைக்கு அறிவிக்கும் பாதையில் உள்ள டிஆர்பிஎம்5 என்ற அயனி வாயில் குளிரில் மந்தமாகவும் 15 டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாகவும் இயங்குவதை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே உறையவைக்குமுன் ருசிபார்க்கும்போது கலவை ஒரு மடங்கு அதிகமாக இனிக்க வேண்டும், உப்பும் தெரிய வேண்டும், வறுத்த மணம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும். ரம்பை இலை கைக்கெட்டும் இடத்தில் இருப்பவர்கள் ஓட்ஸ் பாலில் ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவைத்தால் அதே மூலக்கூறை இன்னொரு வழியாகவும் சேர்த்தவர்கள் ஆவார்கள்.

பாலைத் தவிர்ப்பவர்களின் காரணங்கள் ஒன்றல்ல. அதற்கேற்பக் கவனமும் வேறுபட வேண்டும். உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறன் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. இந்தியாவிலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர, செரிக்கும் திறனைத் தக்கவைக்கும் மரபணு மாற்றம் அரிதாகிறது. இவர்களுக்குத் துளிப் பால் ஆபத்தல்ல. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, கேசீனோ மோர்ப் புரதமோ துளியளவும் ஆபத்தாகலாம். அவர்கள் கடையில் ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிடக் கூடாது. இந்திய விதிப்படி ஐஸ்கிரீம் என்றால் குறைந்தது 10 சதவீதம் பாற்கொழுப்பு வேண்டும். தாவரக் கொழுப்பு சேர்த்ததை ஃப்ரோஸன் டெசர்ட் என்றே குறிக்க வேண்டும். ஆனால் கொழுப்பு மட்டும்தான் மாறியிருக்கும். பால் பவுடர் பெரும்பாலும் உள்ளே இருக்கும். பாக்கெட்டில் வரும் தேங்காய்ப்பால் பவுடர் சிலவற்றில் கட்டிபிடிக்காமலிருக்கச் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். அதுவும் பால் புரதமே. காலை உணவுத் தானியங்களிலும் தேன், சாக்லேட் வகைகளில் பால் பவுடர் இருப்பதுண்டு. கார்ன்ஃபிளேக்ஸில் சேரும் பார்லி மால்ட் காரணமாக, குளூட்டன் ஆகாதவர்களுக்கு அது மக்காச்சோளம்தானே என்று கொடுத்துவிடவும் கூடாது. பாக்கெட்டின் பின்புறத்தை ஒருமுறை படிப்பதைத் தவிர இதற்கெல்லாம் வேறு பாதுகாப்பு இல்லை. மாட்டுப்பால் இல்லை என்பதாலேயே இது சத்துணவாகிவிடாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நிறைவுற்ற கொழுப்பும் சர்க்கரையும் கணிசமாகவே இருக்கின்றன. இதை இனிப்புப் பண்டமாகவே கருத வேண்டும்.

இந்த வாதம் சரியென்றால் அது கார்ன்ஃபிளேக்ஸோடு நிற்க வேண்டியதில்லை. முன்கூட்டியே வெந்த மாவுச்சத்து, வறுபட்ட மணம் என்ற இரண்டு தகுதிகளும் உள்ள எந்தத் தானியமும் இந்த வேலைக்கு ஆகும். எல்லா காலை உணவுத் தானியங்களும் அப்படியல்ல. வண்ண வண்ண வளையங்களாக வரும் பழ வாசனைத் தானியங்களில் மணம் மேற்பூச்சில் மட்டுமே இருப்பதால் ஐந்து நிமிட ஊறலே மிகை. அதற்கு மேல் போனால் நிறங்கள் கலந்து சாம்பலாகும். நம் கடைகளில் கிடைக்கும் கம்பு அவல், சோள அவல், சிவப்பரிசி அவல், பொரி எல்லாம் அந்த இரண்டு தகுதிகளில் முதலாவதை முழுமையாகக் கொண்டவை. அவலுக்கு நெல்லை ஊறவைத்து வறுத்துத்தான் இடிக்கிறார்கள். மாவுச்சத்து அப்போதே வெந்துவிடுகிறது. இரண்டாவது தகுதி அவற்றில் குறைவு: மால்ட்டும் சர்க்கரையும் சேராததால் மெயிலார்ட் வினைக்குத் தேவையான சர்க்கரை போதாது, வெறுமனே வறுத்தால் காகித வாசனைதான் வரும். வறுக்குமுன் வெல்லக் கரைசலை மெலிதாகத் தெளித்துப் புரட்டி உலரவிட்டால் அந்தக் குறை தீரும். ஆனால் வெல்லத்தில் சாதாரணச் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்தே இருப்பதால் அது உறைநிலையைச் சற்று அதிகமாக இறக்கும். எனவே கலவையில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சேர்ப்பவர்கள் குளுக்கோஸ் தூளை 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைக்காவிட்டால் ஐஸ்கிரீம் சற்றுக் குழைவாக இருக்கும்.